அம்மாவுக்கு இல்லம் தேடியபோது நான் கேட்கத் தவறிய கேள்விகள்

அந்த இல்லத்தை நான் முதன்முதலில் பார்த்தது 2023 ஜனவரியில், காலை 11 மணிக்கு. கோவையில் தொண்டாமுத்தூரைத் தாண்டி, மேற்குத் தொடர்ச்சி மலை கண்ணெதிரே எழுந்து நிற்கும் இடம். வாசலில் பாக்குமரங்கள், துடைத்துவைத்த தரை, சன்னலைத் திறந்தால் மலைமேல் மேகம். முதியவர்கள் குளித்து, தலைவாரி, நெற்றியில் விபூதியோடு வராந்தாவில் உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. மூன்று மாதமாகத் தூங்காதவளுக்கு அந்தக் காட்சி போதுமாக இருந்தது. அன்றே முன்பணம் கொடுத்துவிட்டுத்தான் ரயில் ஏறினேன். எந்த இல்லமும் காலை 11 மணிக்கு நன்றாகத்தான் இருக்கும் என்று அப்போது எனக்குச் சொல்ல ஆள் இல்லை.

நான் சென்னையில் வேலை பார்க்கிறேன். அப்பா திருச்சி பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். அவர் 2011இல் போன பிறகு, பொன்மலைக்குப் பக்கத்தில் அவர் கட்டிய வீட்டில் அம்மா தனியாக இருந்தார். நான் ஒரே பெண். 2022 செப்டம்பரில் குளியலறையில் வழுக்கி விழுந்து அம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிந்தது. வயது 78, இருபது வருடமாகச் சர்க்கரை நோய். அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது, ஆனால் அதற்குப் பின் அவர் தனியே எழுந்து நடக்கவில்லை. ஏஜென்சி மூலம் வீட்டோடு இருக்க ஆள் வைத்தேன், மாதம் 24,000 ரூபாய். நான்கு மாதத்தில் ஏழு பேர் மாறினார்கள். அம்மாவின் மாத்திரை வரிசை ஒருவருக்கு மனப்பாடமாவதற்குள் அடுத்தவர் வந்துவிடுவார். ஒருநாள் வந்திருந்த பெண் சொல்லாமல் கிளம்பிப் போய்விட, காலையிலிருந்து மதியம் 3 மணிவரை அம்மா ஈரத்திலேயே படுத்துக் கிடந்திருக்கிறார். பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்ததால்தான் தெரிந்தது. அன்றிரவுதான் இல்லம் என்று முடிவு செய்தேன்.

தேட ஆரம்பித்தபோது முதல் குழப்பம் பெயரிலேயே இருந்தது. நம் ஊரில் நர்சிங் ஹோம் என்றால் சிறிய தனியார் மருத்துவமனை. முதியோர் இல்லம் என்றால் நடமாட்டம் உள்ளவர்களுக்குச் சோறும் இடமும் தருவதாகவும் இருக்கலாம், ஆதரவற்றோருக்கானதாகவும் இருக்கலாம். ஓய்வுபெற்றவர்களுக்கான குடியிருப்புகள் வேறு, அங்கே வீடு வாங்கிக்கொண்டோ வாடகைக்கோ இருப்பார்கள். படுத்த படுக்கையாக இருப்பவரை இரவும் பகலும் பார்த்துக்கொள்ளும் பராமரிப்பு இல்லம் இவை மூன்றிலிருந்தும் வேறு. தொலைபேசியில் விசாரிக்கும்போது “முதியோர் இல்லமா?” என்று கேட்டால் எல்லோரும் ஆமாம் என்பார்கள். “நடக்க முடியாதவரைச் சேர்ப்பீர்களா, இப்போது அப்படி எத்தனை பேர் இருக்கிறார்கள், இரவில் அவர்களுக்கு எத்தனை உதவியாளர்கள்?” என்று கேட்டிருந்தால் என் பட்டியலில் பாதி அன்றே குறைந்திருக்கும்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். சித்தி போனில் கேட்டார், “பெற்றவளைக் கொண்டுபோய் இல்லத்தில் தள்ளப் போகிறாயா?” அந்தக் கேள்வி நெஞ்சில் முள்ளாகத் தைத்துவிட்டது. அதனால்தான் உறவினர்களுக்குப் படம் அனுப்பினால் வாயடைத்துப் போகும்படியான இடத்தைத் தேடினேன். ஓய்வுபெற்றவர்களுக்கான குடியிருப்புகள் கோவையைச் சுற்றி நிறைய இருக்கின்றன, குளிர்ந்த ஊர், சிறுவாணித் தண்ணீர் என்று பெயர். அம்மாவுக்கு எது தேவை என்பதைவிட, என் மனத்துக்கு எது ஆறுதல் என்பதே அந்தத் தேர்வைச் செய்தது. மலையைப் பார்த்தவள் நான்தான். அம்மாவின் கட்டில் இருந்த இடத்திலிருந்து சுவர்தான் தெரிந்தது.

பணத்துக்கு வருகிறேன். வைப்புத்தொகை 3,00,000 ரூபாய். மாதக் கட்டணம் 38,000. “எல்லாம் சேர்த்துத்தான்” என்றார்கள். முதல் மாத பில் வந்தபோது டயாபர், கையுறை வகையில் 4,800, துணி துவைக்க 1,500, ஃபிசியோதெரபி 12 முறைக்கு 6,000, மருத்துவர் மூன்றுமுறை வந்து பார்த்ததற்கு 1,500, மருந்து 6,200. ஆக மொத்தம் 58,000. அம்மாவின் குடும்ப ஓய்வூதியம் 19,000, மீதி என் சம்பளம். இதில் மருந்துச் செலவுதான் எனக்கு மிகவும் உறைத்தது. அப்பா ரயில்வேக்காரர் என்பதால் அம்மாவுக்கு ரயில்வே மருத்துவ அட்டை இருக்கிறது. பொன்மலை ரயில்வே மருத்துவமனையில் சர்க்கரை மாத்திரை முதல் இரத்த அழுத்த மாத்திரை வரை காசில்லாமல் வாங்கிக்கொண்டிருந்தோம், பதிவேடும் அங்கேதான். இருபது வருடமாக அவர் உடம்பை அறிந்த மருத்துவமனையை விட்டு மலையடிவாரத்துக்குக் கூட்டிப்போய், அதே மாத்திரைகளைக் கடைவிலைக்கு வாங்கினேன். உங்கள் பெற்றோருக்கு எந்த ஊரில் என்ன உரிமை இருக்கிறது, எந்த மருத்துவர் அவர்களைத் தெரிந்தவர் என்பதை ஊரைத் தேர்ந்தெடுக்கும் முன்பே எழுதிவைத்துக்கொள்ளுங்கள். அந்த ஊரை விட்டு வந்தால் அதற்கு மாதாமாதம் விலை உண்டு. எங்களிடம் இருந்த எந்த மருத்துவக் காப்பீடும் இல்லத்தின் மாதக் கட்டணத்துக்கு ஒரு ரூபாய்கூடத் தராது என்பதும் அப்போதுதான் புரிந்தது. 2024 அக்டோபரில் 70 வயதை எட்டிய எல்லோருக்கும் நீட்டிக்கப்பட்ட மத்திய அரசின் ஆயுஷ்மான் காப்பீட்டுத் திட்டம்கூட மருத்துவமனையில் சேர்ந்தால் ஆகும் செலவுக்குத்தான்.

சேரன் எக்ஸ்பிரஸில் மாதம் ஒருமுறை போவேன். இரவுப் பயணம், பிறகு பஸ், பிறகு ஆட்டோ. வருவதை முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் போவேன், அதுதான் மரியாதை என்று நினைத்தேன். போகும்போதெல்லாம் அம்மா குளித்து, பவுடர் மணக்க, புது நைட்டியில் சாய்ந்து உட்கார்ந்திருப்பார். இரண்டு மணிநேரம் கையைப் பிடித்துக்கொண்டு பேசிவிட்டு வருவேன். அந்தப் பவுடர் வாசனையை நான் நம்பினேன்.

ஜூன் பிறந்ததும் காற்று தொடங்கியது. பாலக்காட்டுக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று நேராகக் கோவைக்குள் நுழைகிறது. ஜூனிலும் ஜூலையிலும் மலையடிவாரத்தில் அது ஓய்வதே இல்லை. சாரலும் ஈரமும் சேர்ந்துகொள்ளும். கோவையில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு அது சுகமான காலம். திருச்சி வெயிலில் எழுபது ஆண்டு வாழ்ந்த அம்மாவுக்கு இருமலும் மூட்டுவலியுமாக அது பெரிய அவஸ்தையானது. வெளியே உட்கார வைப்பதை நிறுத்திவிட்டார்கள். படுக்கையிலேயே இருந்தார். ஒரு ஊரின் குளிர்ச்சி எல்லோருக்கும் நல்லது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். ஜனவரியில் பார்த்த ஊரை ஜூலையிலும் ஒருமுறை பார்த்துவிட்டு முடிவு செய்ய வேண்டும். அது முடியாவிட்டால் அங்கே கடை வைத்திருப்பவரிடமாவது வருடம் முழுவதும் எப்படி இருக்கும் என்று கேட்க வேண்டும்.

பேச ஆளில்லை என்பது அடுத்த குறை. உதவியாளர்களில் பெரும்பாலோர் வேறு மாநிலத்துப் பெண்கள். பொறுமையானவர்கள், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அம்மாவுக்கு “முதுகு எரிகிறது” என்று சொன்னால் புரிந்துகொள்ளும் ஆள் வேண்டும். அம்மா அதைச் சொல்லியிருக்கிறார். எத்தனை முறை சொன்னார் என்பது எனக்கு ஒருபோதும் தெரியப் போவதில்லை.

ஜூலை மாதம் ஓர் இரவு, 2.50க்கு என் கைபேசி அடித்தது. “மேடம், பாட்டி எழுப்பினால் எழுந்திருக்கவில்லை.” மொத்தம் 22 பேருக்கு அன்றிரவு ஓர் உதவியாளர். அவர் ஆம்புலன்ஸை அழைக்கவில்லை, 500 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் என்னை அழைத்தார். மேலாளரைக் கேட்காமல் ஆம்புலன்ஸ் கூப்பிடக் கூடாது என்பது அங்கே விதி, மேலாளரின் போன் அணைந்திருந்தது. சர்க்கரை பார்க்கும் கருவி அலுவலக அறையில், அறைச் சாவி மேலாளரிடம். நான் சென்னையிலிருந்தே 108க்குப் பேசினேன். மாநிலம் முழுவதற்கும் அந்த எண் என்பதால் கோவைக்கு வண்டி அனுப்பினார்கள், அந்தப் பெண் குரலுக்கு நான் என்றும் கடமைப்பட்டிருக்கிறேன். வழியில் யானை நிற்கிறது என்று வண்டியை ஓரிடத்தில் நிறுத்திவிட்டார்கள். அந்தப் பகுதியில் யானை ஊருக்குள் வருவது எல்லோருக்கும் தெரிந்த விஷயம், நான் மட்டும் அதை அழகு என்று நினைத்திருந்தேன். ஆம்புலன்ஸில் வந்த உதவியாளர்தான் முதன்முதலில் விரலில் குத்திப் பார்த்தார். சர்க்கரை 41, ஆபத்தான அளவுக்குக் குறைவு. உடனே குளுக்கோஸ் ஏற்றினார். மருத்துவமனை வாசலைத் தொட்டபோது மணி 4.40.

காலை முதல் விமானத்தில் போய்ச் சேர்ந்தேன். மருத்துவர் விளக்கியது இதுதான்: அங்கே இரவு உணவு மாலை 6.30க்கு. அடுத்த ஆகாரம் காலை 8க்கு. நடுவில் பதின்மூன்றரை மணிநேரம். அம்மாவுக்குப் பசி குறைந்திருந்தது, அன்று இரண்டு இட்லியில் பாதிதான் சாப்பிட்டிருக்கிறார். மாத்திரையை மட்டும் முழுதாகக் கொடுத்துவிட்டார்கள். வயதானவர்களுக்குச் சிறுநீரகம் மெதுவாக வேலை செய்வதால் சில வகைச் சர்க்கரை மாத்திரைகள் உடம்பிலேயே தங்கி, சர்க்கரையை மீண்டும் மீண்டும் இறக்கும். அதனால் ஒருமுறை ஏறிவிட்டது என்று வீட்டுக்கு அனுப்பவும் முடியாது என்றார். இல்லம் பார்க்கப் போகிறவர்கள் அறையின் அகலத்தைக் கேட்கும் முன், இரவுச் சாப்பாடு எத்தனை மணிக்கு, படுக்கும் முன் பாலோ கஞ்சியோ உண்டா, சாப்பிடாத நாளில் மாத்திரையை யாரைக் கேட்டு முடிவு செய்வார்கள் என்று கேளுங்கள். பணியாளர்களின் வசதிக்காகச் சாயங்காலமே சாப்பாட்டை முடித்துவிடும் இடங்கள் நிறைய இருக்கின்றன.

அன்று மதியம் தலைமைச் செவிலியர் என்னைத் திரைக்குப் பின்னால் அழைத்தார். அம்மாவைப் பக்கவாட்டில் திருப்பியிருந்தார்கள். முதுகுத்தண்டு முடியும் இடத்தில், என் உள்ளங்கை அளவுக்குப் படுக்கைப்புண். நடுவில் சதை கறுத்திருந்தது. “இது எத்தனை நாளாக இருக்கிறது?” என்று கேட்டார். பதில் சொல்ல முடியவில்லை. ஐந்து மாதத்தில் ஒருமுறைகூட நான் அம்மாவைத் திருப்பிப் பார்த்ததில்லை. என்னைப் பெற்றவரின் முதுகு எப்படி இருக்கிறது என்று ஓர் அந்நியப் பெண் கேட்டு நான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. படுத்திருப்பவரை இரண்டு மணிநேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும், அதைத் தாளில் குறிக்க வேண்டும் என்பது அந்தச் செவிலியர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். இல்லத்தில் அப்படி ஒரு தாளே இருந்ததில்லை.

ஆறு நாள் மருத்துவமனைச் செலவு 1,38,000 ரூபாய். அவசர நிலையில் சேர்த்ததாக மருத்துவமனை எழுதிக்கொடுத்த சான்றைக் கொண்டு ரயில்வேயில் விண்ணப்பித்து ஒரு பகுதியைப் பின்னர் பெற்றேன். இல்லத்துக்கு அம்மாவைத் திரும்ப அனுப்பவில்லை. வைப்புத்தொகையைக் கேட்டபோது ஒப்பந்தத்தை எடுத்துக் காட்டினார்கள். மூன்று மாத முன்னறிவிப்பு இல்லாததால் 1,14,000, அறையைச் சீரமைக்க 25,000 பிடித்தம். மீதி 1,61,000 நான்கு மாதம் கழித்து வந்தது. கையெழுத்திட்ட அன்று நான் அந்தப் பக்கங்களைப் படிக்கவில்லை. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம் என்று வழக்கறிஞர் ஒருவர் சொன்னார். புண்ணும் கையுமாக இருந்தபோது எனக்கு அதற்குத் தெம்பில்லை. உங்களுக்கு இருந்தால் போங்கள். முதியோருக்கென 14567 என்ற இலவச உதவி எண் இருப்பதும், முதியோர் இல்லங்கள் பதிவு பெற்றிருக்க வேண்டும் என்பதும், மாவட்டச் சமூகநல அலுவலகத்தில் அதை விசாரிக்கலாம் என்பதும் எனக்குப் பிறகுதான் தெரியவந்தது. பதிவுச் சான்றைக் காட்டச் சொல்லிக் கேட்பதற்கு யாரும் கூச்சப்பட வேண்டியதில்லை.

ஆகஸ்டில் திருச்சிக்குத் திரும்பினோம். ஒரு மாதம் விடுப்பெடுத்து வீட்டிலேயே புண்ணைக் கழுவிக் கட்டினேன், மாலை நேரங்களில் இல்லம் தேடினேன். இம்முறை இணையத்தில் தேடவில்லை. புத்தூர் அரசு மருத்துவமனை வாசலில் நிற்கும் ஆம்புலன்ஸ் ஓட்டுநர்களிடம் போய்க் கேட்டேன். “எந்த இல்லத்திலிருந்து வரும் ஆட்களுக்கு முதுகு நன்றாக இருக்கும் அண்ணா?” முதலில் தயங்கினார்கள். நான் அம்மாவின் கதையைச் சொன்னதும் ஒருவர் இரண்டு பெயர் சொன்னார், மூன்று இடங்களுக்குப் போகவே வேண்டாம் என்றார். தில்லைநகரில் ஒரு மருந்துக்கடைக்காரரும் அதே இரண்டில் ஒன்றைச் சொன்னார். புண்ணுக்குப் போடும் மருந்தை எந்த இல்லம் எவ்வளவு வாங்குகிறது என்று அவருக்குத் தெரியாமல் இருக்குமா?

இரவு 8 மணிக்கு, சொல்லாமல், ஐந்து இல்லங்களுக்குப் போனேன். இரண்டில் உள்ளேயே விடவில்லை, அதுவே பதில். ஒன்றில் கதவைத் திறந்ததும் சிறுநீர் நெடி. நான்காவது நன்றாகத்தான் இருந்தது, ஆனால் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் வாயில் வைக்க முடியாத உப்பு, தாழ்வான தெரு. பக்கத்து டீக்கடைப் பெரியவரிடம் 2005 நவம்பர் வெள்ளத்தைப் பற்றிக் கேட்டேன், இடுப்பளவு நின்றது என்று கையை வைத்துக் காட்டினார். நடக்க முடியாத முப்பது பேரை அந்தத் தண்ணீரில் யார் தூக்குவார்கள்? மழைக்காலத்தில் கொசு வேறு. சாக்கடை திறந்து கிடக்கும் தெருவில் வலை போட்ட சன்னல் மட்டும் கொசுவைத் தடுத்துவிடாது.

ஐந்தாவது, பழைய ஓட்டு வீட்டை ஒட்டி எழுப்பிய சாதாரணக் கட்டடம். மரமில்லை, மலையில்லை. சமையல்காரம்மா என்னை அடுப்படிக்குள் விட்டார். இரவு 9க்கு ராகிக் கஞ்சி ஆறிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு கட்டில் காலிலும் ஓர் அட்டை, எத்தனை மணிக்கு எந்தப் பக்கம் திருப்பினார்கள் என்று. சர்க்கரைக் கருவி உதவியாளரின் மேசைமேல், பூட்டில்லாமல். 14 பேருக்கு இரவில் இருவர், அவர்களில் ஒருவர் செவிலியர் படிப்பு முடித்தவர். “ஆம்புலன்ஸ் கூப்பிட யாரைக் கேட்பீர்கள்?” என்றேன். “யாரைக் கேட்க வேண்டும்? கூப்பிட்டுவிட்டு உங்களுக்குச் சொல்வோம் அக்கா” என்றாள் அந்தப் பெண். அங்கேயே முடிவு செய்துவிட்டேன். பகலில் ஒருமுறை, இரவு 10 மணிக்கு ஒருமுறை ஆட்டோவில் உட்கார்ந்து மருத்துவமனைக்கு எத்தனை நிமிடம் ஆகிறது என்று பார்த்தேன். பகலில் 14, இரவில் 8.

மாதம் 29,000, டயாபர் 4,000, ஃபிசியோதெரபி 3,200. மொத்தம் 36,200. மருந்து மறுபடியும் பொன்மலையிலிருந்து. வைப்புத்தொகை ஒரு மாதக் கட்டணம், 15 நாள் முன்னறிவிப்பு. எது கட்டணத்துக்குள், எது வெளியே, வருடத்துக்கு எவ்வளவு ஏற்றுவார்கள், மருத்துவமனையில் இருக்கும் நாட்களுக்குக் கழிவு உண்டா என்று எல்லாவற்றையும் தமிழில் எழுதி வாங்கினேன். எழுதித் தர முகம் சுளிக்கவில்லை. ஏப்ரல், மே வெயில் அங்கே கொடுமைதான். ஏர்கூலர் நான் வாங்கி வைத்தேன், மின்சாரம் போனால் ஜெனரேட்டர் எத்தனை நேரம் ஓடும் என்று முதலிலேயே கேட்டுக்கொண்டேன். காற்று இந்தப் பக்கம் திரும்பினால் பணிமனைச் சங்கு கேட்கும். அம்மாவுடன் இருக்கும் இன்னொரு பாட்டியும் ரயில்வே குடும்பம், இருவரும் பொன்மலைச் சந்தைக் காய் விலையைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறார்கள்.

புண் ஆற பதினொரு வாரமானது. அந்த இரவு அம்மாவின் மூளையில் எடுத்துக்கொண்டது திரும்பவில்லை. பெயர்கள் நழுவுகின்றன. என் பெயர் வாரத்தில் சில நாள் வருகிறது, சில நாள் வருவதில்லை. அதை நான் யாரிடமும் ஈடு கேட்க முடியாது.

இப்போது வெள்ளி இரவு மலைக்கோட்டை எக்ஸ்பிரஸில் ஏறினால் விடியும் முன் திருச்சி. மாதத்தில் மூன்று முறையாவது போகிறேன், சொல்லாமல்தான் போகிறேன். நேராகக் கட்டிலுக்குப் போய் உதவியாளரோடு சேர்ந்து அம்மாவைத் திருப்பி முதுகைப் பார்ப்பேன், குதிகாலைப் பார்ப்பேன். போன வாரம் அப்படித் திருப்பும்போது அம்மா கண் விழித்தார். நான் யார் என்று சற்று நேரம் தேடினார். பிறகு கேட்டார்.

“எந்த வண்டியில் வந்தாய்?”

“மலைக்கோட்டையில் அம்மா.”

“சரியான நேரத்துக்கு வந்துவிட்டானா?”

“ஐந்து நிமிடம் முன்னாலேயே” என்றேன். தலையை ஆட்டிவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொண்டார்.